யோகா வகுப்பில் நான் முதலில் கேட்பது: என்ன மாத்திரை போடுறீங்க?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய வளவு, கூடம் போன்ற பட்டாலை என்று இடத்துக்குக் குறைவில்லை, ஆள்தான் குறைவு. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, ஐயாவும் ஆச்சியும் மட்டும் அவ்வளவு பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டுப் பட்டாலையில்தான் காலை ஆறு மணிக்கு வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபது வயதுச் சாந்தி முடித்தவர்கள்.

ஆரம்பத்தில், புதிதாக வருகிறவரிடம் பெயரும் வயதும் கேட்டுவிட்டு நேரே பாயில் உட்கார வைத்துவிடுவேன். ஒருநாள் ஓர் ஆச்சி சவாசனத்திலிருந்து விருட்டென்று எழுந்து, கண் இருட்டி, பக்கத்தில் தூண் இருந்ததால் தப்பித்தார்கள். அப்புறம் கேட்டால் பிரஷருக்கு இரண்டு மாத்திரை. அந்த மாத்திரை போடுகிறவர்கள் படுத்திருந்து சட்டென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, நாலு மூச்சு விட்டுவிட்டு எழுந்தால் போதும். இது தெரிந்தும் நான் கேட்காமல் இருந்ததுதான் தவறு. இப்போது முதல் கேள்வியே மாத்திரைதான், அதையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பேன். எல்லார் முன்னாலும் கேட்டால் உண்மை வராது, வந்தாலும் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அடுத்தது வெறும் வயிறு. யோகா வாத்தியார்கள் எல்லாரும் மந்திரம் போலச் சொல்வது இது, தப்பும் இல்லை. வெள்ளைப் பணியாரம் நாலைக் காரச் சட்னியோடு சாப்பிட்டுவிட்டு வந்து குனிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளிமிபிரைடு மாதிரிச் சர்க்கரை நோய் மாத்திரை போட்டுக்கொண்டோ ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவருக்கு வகுப்பின் நடுவிலேயே சர்க்கரை இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். வாத்தியாரோ நம் ஆள் நன்றாக உழைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் பார்க்க வேண்டும், தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான். இப்படிப்பட்டவர்கள் மருந்தை எப்போது போட்டுக்கொண்டு எப்போது பயிற்சி செய்வது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சிரசாசனத்துக்கு வருவோம். லீவில் வந்த மருமகன் யூடியூபைப் பார்த்துத் தலைகீழாக நிற்கிறார், அதைப் பார்த்து மாமனாருக்கும் ஆசை. சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா இருக்கிறவருக்கு அது நேரடிக் கெடுதல், அந்த நோயோ பெரும்பாலும் வலி காட்டாமல் பார்வையைத் தின்னும், பலருக்கு இருப்பதே தெரியாது. கழுத்துத் தேய்மானம், கட்டுக்குள் வராத பிரஷர் இருப்பவர்களுக்கும் வேண்டாம். என் வகுப்பில் அறுபதுக்கு மேல் யாருக்கும் நான் அதைச் சொல்லித் தருவதில்லை, கோபித்துக்கொண்டு நின்றுபோனவர்களும் உண்டு. சரி, போகட்டும்.

மூக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவும் ஜல நேதி விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஊருணித் தண்ணீர் மேல் நமக்கு அவ்வளவு பிரியம், அதில் சோறு வடித்தால் ருசியே தனி என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையில் ஊருணித் தண்ணீரை அப்படியே நேதிக் கிண்ணத்தில் ஊற்றி மூக்கில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கும் வயிறும் ஒன்றல்ல. கேரளத்தில் 2024இல் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததே, அது குடிப்பதால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறுகிறது, குளம் குட்டைகளின் வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிறது. குழாய்த் தண்ணீரையும் அப்படியே விடக் கூடாது. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர், அரை லிட்டருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். எரிந்தால் நல்லது, சளி வெளியேறுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூச்சை அடக்குவதில் இன்னொரு வீம்பு. பிராணாயாமத்துக்குத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் சொல்லும் கணக்கு 16, 64, 32: உள்ளே இழுக்க, நிறுத்த, விட. அதைப் படித்துவிட்டு மூன்றாம் நாளே 64 எண்ணப் பார்க்கிறார்கள், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கேட்டால் மூலர் சொன்னது என்பார்கள். மூலர் யாருக்குச் சொன்னார்? பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை நிறுத்தும் பயிற்சியே வேண்டாம். அவர்களிடம், மூச்சை இழுப்பதைவிடச் சற்று நீளமாக விடச் சொல்வதோடு சரி. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அவர்களுக்கு ஆகாது, குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் புதிதாக வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும்கூட.

சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் முதுகில் கை வைத்து அழுத்தாதீர்கள். மாதவிலக்கு நின்ற பெண்களில் பலருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும், முதுகை வளைத்து அழுத்தினால் முள்ளெலும்பே நசுங்கலாம். தலை முழங்காலைத் தொட்டு யாருக்கு என்ன ஆகப் போகிறது? யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989) தம் பிற்காலத்தில் அழுத்தி அழுத்திச் சொன்னது, ஆளுக்குத் தகுந்தபடி யோகத்தை மாற்ற வேண்டும் என்பதைத்தான். நான் நாற்காலி போட்டுச் சொல்லித் தருவதைப் பார்த்து ஒருவர், இது யோகாவா பாட்டிமார் விளையாட்டா என்று கேட்டார். பாட்டிமார் தினமும் வருகிறார்கள், அவர்தான் இரண்டு வாரத்தில் காணாமல் போனார்.

தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் செய்தால் தைராய்டு போய்விடும் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் வருகிறார்கள். சுரக்காத சுரப்பியைக் கழுத்தை மடக்கிச் சுரக்க வைக்க முடியாது. பயிற்சியால் பிரஷர் கொஞ்சம் இறங்குவது உண்மைதான், அதற்காக மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், ஜமுக்காளம். ஆத்தங்குடிக் கல் தரையில் அதை விரித்து நின்றால் வழுக்கும், விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது ஜமுக்காளத்தோடு சேர்ந்து போய்விடுவீர்கள். நின்று செய்வதை வெறுங்காலோடு, கால் ஈரமில்லாமல், வெறுந்தரையில் சுவரோரமாகச் செய்யுங்கள். படுத்துச் செய்யும்போது விரித்துக்கொள்ளலாம்.