மூன்று வெண்கலம் வென்ற வாண்டர்லைடே: அவரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் சிட்டார்ட் என்றொரு ஊர். 1963இல் அங்கே பிறந்த ஆர்னால்ட் வாண்டர்லைடே, லாஸ் ஏஞ்சலஸ் (1984), சியோல் (1988), பார்சிலோனா (1992) என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கிலும் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றவர். அவர் பேச்சை எடுத்தாலே, “மூணு தடவையும் மூணாவது இடம்தானா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலேயே தவறு தொடங்கிவிடுகிறது.

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்துக்கென்று தனிப் போட்டி கிடையாது. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். அதோடு அவர்கள் கையுறையைக் கழற்றிவிடலாம். ஆகவே “எத்தனையாவது இடம்” என்று கேட்பதைவிட “யாரிடம் தோற்றார்” என்று கேளுங்கள். 1984இல் கனடாவின் வில்லி டி விட். 1988இல் அமெரிக்காவின் ரே மெர்சர். 1992இல் கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன். டி விட் வெள்ளியோடு ஊர் திரும்பினார், மற்ற இருவரும் தங்கத்தோடு. மெர்சர் சியோலில் தன்னோடு மோதிய ஒருவரையும் கடைசிச் சுற்று முடியும்வரை நிற்க விடவில்லை. அவரிடம் வீழ்ந்ததை வைத்து ஒருவரைச் சாதாரண வீரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது தவறு, இதற்கு நேர் எதிரானது. “1984இல் சோவியத்தும் கியூபாவும் வரவில்லை, 1988இலும் கியூபா வரவில்லை, ஆள் இல்லாத வீட்டில் எடுத்த பதக்கம்” என்பார்கள். அரசியல் காரணங்களுக்காக அந்த நாடுகள் செய்த புறக்கணிப்பு உண்மை. 1982 உலகச் சாம்பியன் அலெக்சாண்டர் யாகுப்கின் லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவில்லை, 1986 உலகச் சாம்பியன் சவோன் சியோலுக்கு வரவில்லை. இந்த வாதத்தை எடைபோட ஒலிம்பிக் பட்டியல் மட்டும் போதாது. 1987இல் டூரினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் சோவியத், கிழக்கு ஜெர்மனி என்று எல்லோரும் இருந்தார்கள். தங்கம் வாண்டர்லைடேவுக்கு. 1991இல் கோத்தன்பர்க்கிலும் அவர்தான் ஐரோப்பியச் சாம்பியன். அதே ஆண்டு சிட்னியில் உலகப் போட்டியின் இறுதிவரை போய்ச் சவோனிடம் தோற்று வெள்ளி வாங்கினார். யாரும் புறக்கணிக்காத பார்சிலோனாவில், 29 வயதில், மறுபடியும் அரையிறுதி. எதிரே மறுபடியும் சவோன். அதன்பின் 1996, 2000 ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய மனிதர் அவர். ஒரு வீரரை ஒலிம்பிக் வருடங்களில் மட்டும் பார்த்தால் நடுவே உள்ள மூன்று மூன்று ஆண்டுகள் காணாமல் போய்விடும். வாண்டர்லைடேயின் சிறந்த நாட்கள் பலவும் அந்த ஆண்டுகளில்தான் இருக்கின்றன.

அந்தப் பார்சிலோனா அரையிறுதியின் கணக்கு 23–9. இதைப் பார்த்து “சுற்றுக்குச் சுற்று அடிபட்டார்” என்று எழுதிவிடக் கூடாது. சியோல் இறுதிப் போட்டியில் தெளிவாக மேலோங்கியும் நடுவர் தீர்ப்பால் தோற்ற அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸுக்கு நேர்ந்த அநீதிக்குப் பிறகு வந்த இயந்திரக் கணக்கு அது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு குத்து கணக்கில் ஏறும். உடம்பில் விழுந்த எத்தனையோ நல்ல குத்துகள் இதில் பதிவாகாமலே போயின. சவோன் தெளிவாக வென்றார், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த எண்ணை 1984, 1988இன் தீர்ப்புகளோடு ஒப்பிட முடியாது.

எடையிலும் குழப்பம் வரும். தொழில்முறையில் ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு இல்லை. அன்றைய அமெச்சூர் விதிப்படி 81க்கு மேல் 91 கிலோ வரைதான் ஹெவிவெயிட், அதைத் தாண்டினால் சூப்பர் ஹெவிவெயிட்.

நெதர்லாந்து என்றதும் எர்னெஸ்டோ ஹூஸ்ட், பீட்டர் ஆர்ட்ஸ் போன்ற கிக்பாக்ஸர்கள் நினைவுக்கு வந்து, இவரையும் கிக்பாக்ஸர் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அது வேறு விளையாட்டு, வேறு விதி. பெயரைத் தேடும்போதும் கவனம் வேண்டும்: டச்சுக்காரர்கள் ‘லைடே’வை இரண்டு விதமாக (lyde, lijde) எழுதுவார்கள். ஒன்றை மட்டும் தேடினால் பாதிப் போட்டிகள் கண்ணில் படாது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மெர்சர் தொழில்முறைக்குப் போய், 1991இல் டபிள்யூபிஓ என்ற தொழில்முறை அமைப்பின் உலகப் பட்டம் வென்றார். சியோலில் வாண்டர்லைடேவோடு வெண்கலம் பகிர்ந்த போலந்தின் கோலோட்டா, பார்சிலோனாவில் பகிர்ந்த நியூசிலாந்தின் டேவிட் துவா, இருவரும் பின்னால் தொழில்முறையின் பெரிய மேடைகளில் மோதினார்கள். வாண்டர்லைடே தொழில்முறைக்குப் போகவே இல்லை. அதனால் அவரை ‘பாதியில் நின்றவர்’ என்கிறார்கள். 1984 முதல் 1992 வரை, இரண்டு கணக்கு முறைகளின் கீழ், மூன்று தலைமுறை எதிராளிகளோடு மோதி, ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் கடைசி நால்வரில் ஒருவராக நின்றவர் அவர். அவருடைய ஆட்டம் அமெச்சூர் ஆட்டம். அதை அவர் முழுதாக ஆடி முடித்தார்.