கிட் கார் கட்டப் போகிறீர்களா? முதலில் உங்கள் காலை அளந்து பாருங்கள்

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார். அந்த ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து படம் படமாகப் பார்த்து, கோப்ராவா, செவனா, ஜிடி40யா என்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் நகல்களை வைத்து மனதுக்குள் பட்டிமன்றம் நடத்துவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கடைசியில் தீர்ப்பு சொன்னது ஆசை இல்லை. இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கராஜும், பத்தாம் நம்பர் ஷூ போடும் என் காலும்தான்.

கராஜிலிருந்தே தொடங்குவோம். இங்குள்ள பழைய ஒற்றைக் கராஜ்கள் பல 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம்தான் இருக்கும். செவன் வகைக் கார் சுமார் 3.1 மீட்டர் நீளம், 1.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். அதாவது இரண்டு பக்கமும் ஆள் ஒருக்களித்து நடக்க இடம் உண்டு, முன்னால் ஒரு வேலை மேசையும் போடலாம். கோப்ரா கிட்டத்தட்ட 4 மீட்டர். அதன் ஃபைபர்கிளாஸ் பாடியை ஒரே தடவை ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது, பொருந்துகிறதா என்று பார்க்க ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி மூன்று நான்கு பேரின் இடுப்பு போய்விடும். அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று: முதல் சில மாதங்களுக்கு உங்களிடம் இருக்கப்போவது ஒரு கார் இல்லை, இரண்டு. பாகங்களைக் கழற்ற வாங்கிய பழைய கார் (இதைத்தான் டோனர் என்பார்கள்) எங்கே நிற்கும்? பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நாள் பொறுப்பார்?

அடுத்தது உடம்பு. செவனை இன்று தயாரிக்கும் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் வழக்கமான சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) உண்மையிலேயே குறுகல். ஒல்லியான ஆளுக்குத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். அகலமான எஸ்வி வகை 110 மில்லிமீட்டர் கூடுதல், அந்த நான்கு அங்குலச் சொச்சம் பெரிய நிம்மதி. நான் ஒரு குறுகல் காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபோது ஆக்சிலரேட்டரும் சேர்ந்து இறங்கியது. ஷூவைக் கழற்றினால் சரியாகிவிடும் என்றார் உரிமையாளர், சிரிக்காமல். ஆகவே உட்கார்ந்து பார்க்காமல் ஒரு பைசா முன்பணம் கொடுக்காதீர்கள். வார்விக்‌ஷயரில் ஸ்டோன்லீயில் நடக்கும் கிட் கார் கண்காட்சி மாதிரி இடங்களுக்குப் போனால் ஒரே நாளில் பத்துக் காரில் ஏறி இறங்கலாம். விற்பவரை விட, கட்டி முடித்து ஓட்டுகிறவரிடம் பேசுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. உங்களுக்குப் பிடித்தது கார் ஓட்டுவதா, கார் கட்டுவதா? இரண்டும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். சீக்கிரம் ஓட்ட வேண்டும் என்றால் புது பாகங்களோடு வரும் முழு கிட் வாங்குங்கள். கேட்டர்ஹாமில் வெல்டிங் கிடையாது, அலுமினியத் தகடெல்லாம் சேஸிஸோடு பொருத்தியே வரும். விலை அதிகம். மறுகோடியில் லோகாஸ்ட்: ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயை அறுத்து சேஸிஸையே நீங்கள் வெல்டிங் செய்வது. கைவேலையில் பைத்தியம் இருந்தால் ஆனந்தம், இல்லாவிட்டால் மூன்றாவது குளிர்காலத்தில் கராஜ் கதவைத் திறக்கவே மனம் வராது.

நடுவில் இருப்பதுதான் டோனர் கார் வழி, பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஒரு காலத்தில் ஃபோர்டு எஸ்கார்ட், அப்புறம் சியரா. இன்று எஸ்கார்ட் மார்க் 2 அதன் சொந்த மதிப்புக்கே விலை ஏறிவிட்டது, அதை அறுப்பது பாவம். சியராவும் அரிதாகிவிட்டது. இப்போதைக்கு வசதியானது மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகள், 1989 முதல் 2005 வரை வந்தவை. இந்தக் கார்களுக்குப் பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே துரு பிடித்துத்தான் சாவு வருகிறது, இன்ஜினும் கியர்பாக்ஸும் அப்போதும் கல் மாதிரி இருக்கும். பாடியை வீசிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ள இதை விடத் தோதான கார் கிடையாது. எக்சோசெட் கிட் அப்படியே எம்எக்ஸ்-5இன் சப்ஃபிரேம்கள் (இன்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் துணைச் சட்டங்கள்) மேல் உட்காரும். ஆனால் கதவு இல்லை, கூரை இல்லை, இங்கிலாந்து மழை மட்டும் நிச்சயம். கோப்ரா கிட்கள் பலவற்றுக்கு ஜாகுவார் எக்ஸ்ஜேயின் சஸ்பென்ஷன், மேலே ஒரு வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின். பைக் இன்ஜின் போட்ட செவன்களும் உண்டு. சுசுகி ஹயாபுசா சத்தம் கேட்டால் மெய்சிலிர்க்கும்தான், ஆனால் பைக்குக்கு ரிவர்ஸ் கியர் ஏது? சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் இறங்கித் தள்ளுவதைக் கற்பனை செய்துவிட்டு முடிவு எடுங்கள்.

ஒரு சின்னக் கதை. 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் வந்த காலத்தில் கிட்டாக வாங்கினால் கொள்முதல் வரி இல்லை. ஆனால் எப்படிப் பூட்டுவது என்ற கையேடு சேர்க்கக்கூடாது என்று விதி, அதனால் எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்கள், பின்னாலிருந்து படித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். 1973இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்து அந்தச் சலுகை போனது, அதே வருடம் செவன் உரிமையும் கேட்டர்ஹாமுக்குப் போனது.

இன்றைய தடை வேறு: ஐவிஏ பரிசோதனை, அதாவது ஒவ்வொரு காரையும் தனித்தனியாகச் சோதித்து ரோட்டில் ஓட்ட அனுமதி தரும் அரசுப் பரிசோதனை. 2009இல் எஸ்விஏ என்ற பழைய பரிசோதனைக்குப் பதிலாக வந்தது. இதில் தேறாமல் புதிதாகக் கட்டிய கார் ரோட்டுக்கு வராது. வெளியே கை படக்கூடிய ஓரமெல்லாம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கலாக இருக்க வேண்டும், வளைத்த ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும், இப்படிப் போகும் பட்டியல். கோப்ரா டேஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாணி சுவிட்சுகள் அழகுதான், இங்கே தலைவலி. கிட் விற்பவரிடம் "உங்கள் மாடல் ஐவிஏவில் எங்கே தோற்கும்?" என்று நேராகக் கேளுங்கள். எங்கேயும் தோற்காது என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

பதிவு எண் விஷயமும் கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டியது. புது சேஸிஸோடு ஒரே டோனரிலிருந்து இரண்டு முக்கிய பாகங்களாவது வந்தால் அந்த டோனரின் வயதுக்கு ஏற்ற எண் கிடைக்கும். நான் இன்ஜினை ஓரிடத்தில், பின் ஆக்சிலை வேறிடத்தில் என்று மலிவாகப் பொறுக்கினேன், எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. கிடைத்தது கியூ என்று தொடங்கும் எண், வண்டியின் வயதோ பூர்வீகமோ தெரியாது என்பதற்கான அடையாளம். ஓட்டத் தடை இல்லை, ஆனால் விற்கும்போது வாங்குபவர் முகம் சுருங்கும். டோனரை முழுதாக வாங்குங்கள், லாக் புக்கைப் (பதிவுச் சான்று) பத்திரப்படுத்துங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது. பழைய காரை அறுத்து இப்படி ஒன்று கட்டி ஆர்டிஓவிடம் கொண்டுபோகும் யோசனை வேண்டாம்.)

விளம்பர விலையில் பெரும்பாலும் டயர், சீட், பெயின்ட், விளக்குகள் இருக்காது. நிறுவனம் நாளைக்கும் இருக்குமா என்பதையும் பாருங்கள்: 1982இல் தொடங்கிய கிட் கார் நிறுவனமான வெஸ்ட்ஃபீல்டே 2022இல் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. உடைந்த ஃபைபர்கிளாஸ் மூக்குக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரியுங்கள்.

பாதியில் விட்ட காரை வாங்கலாமா? வாங்கலாம், விலை நன்றாகவே இறங்கும். ஆனால் "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது" என்று சொன்னால் மீதி இருப்பது வயரிங்கும் ஐவிஏவும் என்று அர்த்தம், அதாவது பாதி வேலை. பெட்டிகளைப் பிரித்து எண்ணுங்கள், ரசீதும் டோனரின் லாக் புக்கும் கேளுங்கள், அவர் ஏன் நிறுத்தினார் என்றும் கேளுங்கள். என்னிடம் ஒருவர் சொன்ன பதில்: "கால் நுழையவில்லை."