பக்கத்து வீட்டில் பெரிய மரம் வெட்டுகிறார்களா?

வேலூரின் சத்துவாச்சாரி, காட்பாடி போல வீடுகள் நெருங்கிய தெருக்களில் பெரிய வேப்பமரத்தை அடியோடு அறுத்துச் சாய்க்கவே கூடாது. உச்சியிலிருந்து கிளை கிளையாகக் கழித்து, கயிறு கட்டி இறக்க வேண்டும்.

அடியில்தான் அறுக்கிறார்கள் என்றால், மரம் விழும் பக்கம் முதலில் வாய்வெட்டு (ஆப்பு வடிவில் வெட்டியெடுத்த பள்ளம்) இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் பின்னாலிருந்து மட்டும் அறுத்தால் தண்டு நெடுகப் பிளந்து, அறுப்பவர் மேலேயே எகிறும். உயிர் போகிற தவறு இது.

பிள்ளைகளோடு, மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளிப் போய்விடுங்கள். ரம்பம் ஓடும்போது ஆளை அதட்டாதீர்கள், கவனம் சிதறும். பக்கத்தில் மின்கம்பி போனால், வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, லைன் ஆஃப் பண்ணிட்டு வெட்டலாம்ணே" என்று சொல்லுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அறுந்த கம்பி அருகே போகாதீர்கள், உடனே 112. உங்கள் சுவர், ஓடுகளை முன்பே படமெடுத்து வையுங்கள்.