அமில, கார வலிமையைப் பயிலும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அமிலத்தின் வலிமை, அதன் மூலக்கூறு நீருக்குப் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, எவ்வளவு எளிதில் கொடுக்கிறது என்பதைக் குறிக்கும். செறிவோ, ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் அமிலம் இடப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும். முன்னது பொருளின் இயல்பு. பின்னது கரைசலைத் தயாரிப்பவர் முடிவு செய்வது. தொடக்கநிலை வேதியியலில் நேரும் பிழைகளில் பல, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பிறக்கின்றன.

பிஹெச் (ஹைட்ரஜன் அயனிச் செறிவு கூடும்போது குறையும் அளவீடு) மதிப்பைப் பார்த்த உடனே வலிமையைத் தீர்மானிப்பது அவற்றுள் முதன்மையானது. 0.0001 மோலார் (லிட்டருக்கு 0.0001 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 4. 1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பிஹெச் ஏறத்தாழ 2.4. இரண்டாவது கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் அதிகம் என்பது உண்மையே. ஆனால் அதில் இடப்பட்ட மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட அயனியாகவில்லை. முதல் கரைசலிலோ அநேகமாக அனைத்தும் அயனியாகிவிட்டன. எனவே பிஹெச்சைக் கொண்டு வலிமையை ஒப்பிட வேண்டுமானால் இரு கரைசல்களும் ஒரே செறிவில் இருந்தாக வேண்டும். 0.1 மோலாரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 என்றும் அசிட்டிக் அமிலம் 2.9 என்றும் காட்டும்போதுதான் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

நீர் சேர்த்தால் அமிலத்தின் வலிமை குறையும் என்று எழுதுவதும் இதே குழப்பத்தின் இன்னொரு வடிவம். குறைவது செறிவு மட்டுமே. 25 டிகிரி செல்சியஸில் அசிட்டிக் அமிலத்தின் வலிமையை அளக்கும் அயனியாதல் மாறிலி எவ்வளவு நீர் ஊற்றினாலும் 1.8 × 10⁻⁵ தான். 0.1 மோலாரில் 1.3 விழுக்காடாக இருந்த அயனியாதல், 0.001 மோலாருக்கு நீர்த்ததும் 12.5 விழுக்காடாக உயர்கிறது. அப்படியிருந்தும் மொத்த அமிலமே நூறில் ஒரு பங்காகிவிட்டதால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு குறைந்து பிஹெச் ஏறுகிறது. இவ்விரு மாற்றங்களும் ஒரே நேரத்தில் நிகழ்வதை ஒருமுறையேனும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

தரம்பார்த்தலில், அதாவது ஓர் அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் தேவை என அளக்கும் முறையில், நேரும் தவறு இன்னும் நுட்பமானது. வலிமை குறைந்த அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் குறைவாக இருப்பதால், அதை நடுநிலையாக்கக் குறைந்த சோடியம் ஹைட்ராக்சைடு போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மில்லிலிட்டருக்கும், அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லிலிட்டருக்கும், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லிலிட்டரே தேவை. சேர்க்கப்படும் ஹைட்ராக்சைடு அயனிகள் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளை நீக்க நீக்க, சமநிலை நகர்ந்து, பிரியாதிருந்த மூலக்கூறுகளும் அயனியாகி, இறுதியில் எல்லா அமிலமும் வினைபுரிந்துவிடுகிறது. வேறுபாடு, எல்லா அமிலமும் வினைபுரிந்து முடியும் சமான நிலைப் புள்ளியில் வெளிப்படுகிறது: ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது பிஹெச் 7, அசிட்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 8.7. ஆகவே பின்னதற்கு, நிறமாற்றத்தால் அந்தப் புள்ளியைக் காட்டும் நிறங்காட்டியாகப் பினாப்தலீன் பொருந்தும், பிஹெச் 3.1 முதல் 4.4 வரையிலான எல்லையில் நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தினால், பாதி அமிலம்கூட நடுநிலையாகாத கட்டத்திலேயே நிறமாற்றம் முடிந்துபோகும்.

வலிமை குறைந்தது என்றால் தீங்கற்றது என்று நம்புவதை மற்ற எல்லாத் தவறுகளையும்விடக் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். அது மதிப்பெண்ணோடு நிற்காமல் உடலையும் பாதிக்கக்கூடியது. ஹைட்ரோபுளூரிக் அமிலம் வலிமை குறைந்த அமிலமே. ஆயினும் அது தோலை ஊடுருவிச் சென்று உடலிலுள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்கிறது; நீர்த்த கரைசல் பட்டவுடன் வலி தெரியாமலும் போகலாம், உயிருக்கே ஆபத்தும் நேரலாம். இதே அமிலம் வேறொரு பிழையையும் திருத்த உதவும்: புளூரினின் எலக்ட்ரான் கவர்தன்மை மிக அதிகம் என்பதால் இதுவே ஹாலஜன் தொகுதித் தனிமங்களின் (புளூரின், குளோரின், புரோமின், அயோடின்) ஹைட்ரஜன் அமிலங்களில் வலிமை மிக்கது என்று ஊகிக்கக் கூடாது. தொகுதியில் கீழிறங்கும்போது ஹைட்ரஜனுடனான பிணைப்பின் வலு குறைவதே மேலோங்கி நிற்பதால், ஹைட்ரோஅயோடிக் அமிலம்தான் முதலிடம் பெறுகிறது.

வாய்பாட்டில் உள்ள ஹைட்ரஜன்களை எண்ணி வலிமையைச் சொல்ல இயலாது. மூன்று ஹைட்ரஜன் கொண்ட பாஸ்பாரிக் அமிலம் வலிமை குறைந்தது. ஒன்றே கொண்ட நைட்ரிக் அமிலம் வலிமை மிக்கது. அதுபோலவே ஹைட்ராக்சில் தொகுதி உள்ள மெத்தனால் நீரில் காரமாகச் செயல்படுவதில்லை. அது இல்லாத அம்மோனியா காரமாகிறது.

வலிமை குறைந்த அமிலத்தின் இணை காரம் (புரோட்டானைக் கொடுத்தபின் எஞ்சும் அயனி) வலிமை மிக்கது என்ற வாசகத்தையும் அப்படியே ஏற்கக் கூடாது. அசிட்டேட் அயனியின் கார மாறிலி 5.6 × 10⁻¹⁰ மட்டுமே. குளோரைடு அயனியோடு ஒப்பிடும்போது வலிமை கூடியது, தன்னளவில் மிகவும் வலிமை குறைந்தது.

கடைசியாக ஒரு கணக்கு. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 8 என்று விடை வந்தால், அமிலக் கரைசல் காரத்தன்மை பெற்றதாக ஆகிவிடும். இவ்வளவு நீர்த்த கரைசலில் நீர் தானே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 25 டிகிரி செல்சியஸில் கிடைக்கும் விடை 6.98.