பூர்வீகம் தேட பழைய பத்திரம் போதும்

கிராமத்துப் பூர்வீகம் தேடுகிறீர்களா? பீரோவில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து, முதலில் நான்கெல்லை விவரத்தை, அதாவது நான்கு பக்கமும் யார் நிலம் என்பதைப் படியுங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதுவது வழக்கம் என்பதால் ஒரே தாளில் இரண்டு தலைமுறைப் பெயர் கிடைக்கும். 'முத்துசாமி புஞ்சைக்குத் தெற்கு' என்று வந்தால் அந்த முத்துசாமி பல நேரம் பங்காளியாகவே இருப்பார். பாகம் பிரித்தால் அண்ணன் தம்பி நிலம் அடுத்தடுத்துத்தானே அமையும்! பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் விசேஷம், பாதி வம்சாவளி அதிலேயே இருக்கும்.

பத்திரம் கைவசம் இல்லையா? தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால், பெரும்பாலான ஊர்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரத்தை (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) இலவசமாகவே பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும், கட்டணமும் உண்டு.

சொந்த நிலமே இல்லாத குடும்பங்களுக்கும், வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டவர்களுக்கும் இந்த வழி உதவாது.