சேல்ஸ்ஃபோர்ஸ் அட்மின் ஆக விரும்புகிறவர்களுக்கு: இரண்டாவது பயனரை உருவாக்குங்கள்

கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் புகார்ப் பதிவேட்டை எக்செல்லில் வைத்துக்கொண்டிருந்த நான், சேல்ஸ்ஃபோர்ஸ் அட்மின் வேலைக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சேல்ஸ்ஃபோர்ஸ் என்பது நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் இணைய மென்பொருள்; அதை அமைத்துப் பராமரிப்பவர் அட்மின். எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். நான் போன வழியை, தடுக்கி நின்ற இடங்களோடு சேர்த்து எழுதுகிறேன். சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்பு மேலாண்மை) என்றால் என்ன என்பது போன்ற அடிப்படைகளை நிறுவனத்தின் இலவசப் பயிற்சித் தளமான டிரெயில்ஹெட் நன்றாகவே சொல்லித்தருகிறது. அவற்றைத் தாண்டிவிடுகிறேன்.

படி 1: சரியான இலவசக் கணக்கு

முகப்புப் பக்கத்தில் கண்ணில் படுவது 30 நாள் சோதனைக் கணக்கு. அது வேண்டாம். டெவலப்பர் எடிஷன் என்று தேடி அதைப் பதிவு செய்யுங்கள். அதற்கு நாள் கெடு இல்லை. ஆனால் நீண்ட நாள் உள்நுழையாமல் விட்டால் மூடிவிடுவார்கள்.

பயனர் பெயர் மின்னஞ்சல் வடிவில் இருக்க வேண்டும். உலகில் உள்ள எந்த சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கிலும் அதே பெயர் இருக்கக் கூடாது. அது உண்மையான அஞ்சல் முகவரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பெயர், ஒரு புள்ளி, 'பயிற்சி' என்று எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்களுக்குத் தெரிந்த வேலையைக் கட்டுங்கள்

பயிற்சிப் பாடங்களில் வரும் கற்பனை நிறுவனத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் சொன்னதைச் செய்யத்தான் பழகுவீர்கள். இதுவரை நீங்கள் பார்த்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் இருந்தவர் சரக்கு வரவை எடுக்கலாம். பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் சேர்க்கை விண்ணப்பத்தை எடுக்கலாம். நான் புகார்ப் பதிவேட்டை எடுத்தேன்.

எடுத்த வேகத்தில் 'புகார்' என்று புதிதாக ஓர் ஆப்ஜெக்டை (ஒரே வகைப் பதிவுகளை வைக்கும் அட்டவணையை) உருவாக்கி, இரண்டு வாரம் அதிலேயே உழைத்தேன். பிறகுதான் தெரிந்தது, 'கேஸ்' என்ற பெயரில் அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று. வரிசையில் சேர்ப்பது, ஆளுக்கு ஒதுக்குவது, தாமதமானால் மேலே அனுப்புவது எல்லாம் அதோடு தயாராகவே வருகின்றன. புதிய ஆப்ஜெக்ட் உருவாக்கும் முன், அக்கவுன்ட், கான்டாக்ட், கேஸ், அசெட் ஆகிய நான்கையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

படி 3: இரண்டாவது பயனர்

இந்தப் படிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

என் முதல் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி இது (புரொஃபைல் என்பது ஒவ்வொரு பயனருக்கும் தரும் அடிப்படை உரிமைத் தொகுப்பு): "ஓர் ஊழியருக்கு புரொஃபைலில் கேஸைப் படிக்கும் உரிமை இருக்கிறது. இருந்தும் பக்கத்து மேசைக்காரரின் கேஸ் அவருக்குத் தெரியவில்லை. எங்கே பார்ப்பீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. நான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் பழகியிருந்தேன். ஆனால் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக மட்டுமே உள்நுழைந்திருந்தேன். அந்தப் புரொஃபைலுக்கு எல்லாப் பதிவும் தெரியும். ஒரு பதிவு மறைந்துபோவதை நான் பார்த்ததே இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு என்னிடம் அதிகம் வந்த புகாரும் அதுதான்: "எனக்குத் தெரியவில்லை", அல்லது "அவருக்கு ஏன் தெரிகிறது?"

இதை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த அலமாரியைத் திறக்கலாம் என்பதை புரொஃபைலும், அதற்கு மேல் கூடுதல் உரிமை தரும் பெர்மிஷன் செட்டும் சொல்கின்றன. திறந்த அலமாரியில் எந்தக் கோப்புகளை எடுக்கலாம் என்பதை ஷேரிங் அமைப்புகள் சொல்கின்றன. எடுத்த கோப்பில் எந்த வரிகளைப் படிக்கலாம் என்பது ஃபீல்டு அளவிலான உரிமை. நேர்முகத்தில் கேட்டது இரண்டாவது கேள்வி. நான் முதல் கேள்வியிலேயே விடை தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது கையால் செய்து பாருங்கள்.

முதலில் அமைப்புகளில் இரண்டாவது பயனரை உருவாக்குங்கள். டெவலப்பர் எடிஷனில் அதற்கு உரிமம் இருக்கிறது. புரொஃபைல் 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக இருக்கட்டும். ரோல் (நிறுவன அடுக்கில் அவரது இடம்) காலியாக இருக்கட்டும். பயனர் பெயரை இட்டுக்கட்டலாம். ஆனால் மின்னஞ்சல் கட்டத்தில் உங்கள் உண்மையான முகவரியைக் கொடுங்கள். கடவுச்சொல் அமைக்கும் இணைப்பும் சரிபார்ப்பு எண்ணும் அங்கேதான் வரும்.

அடுத்து 'லாகின் ஆக்சஸ் பாலிசீஸ்' பக்கத்தில், அட்மின் எந்தப் பயனராகவும் உள்நுழையலாம் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். பயனர் பட்டியலில் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் 'லாகின்' என்ற இணைப்பு தோன்றும். மறுபடி மறுபடி வெளியேறி நுழையும் வேலை இதோடு தீர்ந்தது.

ஷேரிங் செட்டிங்ஸில் கேஸுக்கான பொது அமைப்பை 'பிரைவேட்' ஆக மாற்றுங்கள். அட்மினாக நான்கைந்து கேஸ்களைப் பதியுங்கள். பிறகு இரண்டாவது பயனராக நுழைந்து தேடுங்கள். ஒன்றும் இருக்காது. அந்த வெற்றுத் திரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பின்னாளில் உங்களை அழைப்பவர் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இனி ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டும். அட்மினுக்கு 'பணிமனை' என்று ஒரு ரோல் கொடுங்கள். அதற்கு மேலே 'மேலாளர்' என்ற ரோலை உருவாக்கி இரண்டாவது பயனரை அதில் வையுங்கள். கேஸ்கள் தெரியத் தொடங்கும். கீழே உள்ளவரின் பதிவு மேலே உள்ளவருக்குத் தெரியும் என்பதே ரோல் அடுக்கின் விதி. அட்மினுக்கு ரோல் கொடுக்க மறந்தால் இது நடக்காது. உரிமையாளருக்கே ரோல் இல்லையென்றால் அவருக்கு மேலே யாரும் இல்லை. நான் ஒரு மாலை முழுவதும் தேடியது இதைத்தான்.

அடுத்து அந்தப் பயனரை மேலாளர் ரோலிலிருந்து நீக்கிவிட்டு, ஒரு பப்ளிக் குரூப்பில் (பயனர்களைச் சேர்த்து வைக்கும் குழுவில்) சேர்த்துவிடுங்கள். பணிமனை ரோலின் கேஸ்களை அந்தக் குழு படிக்கலாம் என்று ஒரு ஷேரிங் ரூல் எழுதுங்கள். கேஸ் தெரியும், திருத்த முயன்றால் மறுக்கும். ஷேரிங் ரூல் கதவைத் திறக்கத்தான் உதவும், மூட உதவாது. அதனால்தான் பொது அமைப்பை இறுக்கமாக வைத்துவிட்டு, தேவையானவர்களுக்கு மட்டும் திறந்துகொண்டே போகிறோம். பெர்மிஷன் செட்டும் அப்படியே: புரொஃபைலில் கொடுத்துவிட்டதை அதைக் கொண்டு பறிக்க முடியாது. புரொஃபைலை மிகக் குறைந்த உரிமையோடு வைத்து, மற்றதையெல்லாம் பெர்மிஷன் செட்டில் தருவதே என் வழக்கம். புதியவர்கள் முதல் நாளிலிருந்தே அப்படிப் பழகுங்கள்.

*சேர்க்கை:* "ஷேரிங் ரூல் எழுதியும் பட்டியல் காலியாக இருக்கிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேஸ் பக்கம் முதலில் காட்டுவது சமீபத்தில் பார்த்தவற்றின் பட்டியலை. புதிய பயனர் எதையும் பார்த்திருக்க மாட்டார். ஆகவே அது காலியாகத்தான் இருக்கும். எல்லாக் கேஸ்களையும் காட்டும் லிஸ்ட் வியூ ஒன்றை உருவாக்கி, அதை எல்லாப் பயனர்களுக்கும் காட்டும்படி சேமித்துப் பாருங்கள்.

*இன்னொரு சேர்க்கை:* ஸ்டாண்டர்ட் யூசர் புரொஃபைலில் கேஸ் உரிமையை எடுத்துப் பார்க்க நினைத்தவர்களுக்கு அது மாறவில்லை. உடன் வரும் புரொஃபைல்களில் ஆப்ஜெக்ட் உரிமைகளை மாற்ற முடியாது. நகல் எடுத்து, நகலில் மாற்றுங்கள்.

படி 4: பழைய தரவை ஏற்றுங்கள்

உள்ளேயே இருக்கும் இம்போர்ட் விசார்டு 50,000 பதிவுகள் வரை ஏற்றும். நான் பரிந்துரைப்பது தனியாக நிறுவும் கருவியான டேட்டா லோடர். தோற்றம் பழையதுதான், ஆனால் எது ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்று தனித்தனிக் கோப்பாகத் தந்துவிடும். அந்தப் பிழைக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு எங்கும் மதிப்பு உண்டு.

ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண் 15 எழுத்திலும் வரும், 18 எழுத்திலும் வரும். 15 எழுத்து வடிவத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எக்செல்லின் விலுக்அப் (ஒரு மதிப்பை வேறு பட்டியலில் தேடிப் பொருத்தும் சூத்திரம்) அந்த வேறுபாட்டைப் பார்க்காது. ஒருவரின் கேஸை இன்னொருவரின் பெயரில் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தால் 15தான் கிடைக்கும். டேட்டா லோடரில் எடுத்தால் 18 கிடைக்கும். எப்போதும் 18ஐ வைத்தே பொருத்துங்கள்.

படி 5: ஃப்ளோ

பழைய காணொளிகளில் வேலைகளைத் தானாக நடத்தும் ஒர்க்ஃப்ளோ ரூலும் பிராசஸ் பில்டரும் சொல்லித்தருவார்கள். இரண்டுக்குமான ஆதரவு 2025 டிசம்பர் 31 வரைதான் என்று நிறுவனம் அறிவித்தது. பழைய அமைப்புகளில் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்; கற்க வேண்டியது அவற்றின் இடத்துக்கு வந்த ஃப்ளோ. ஒரே விதியை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்குள்) பதிவைத் தேடாதீர்கள், சேமிக்காதீர்கள். ஒரு பரிவர்த்தனையில் 100 தேடல், 150 சேமிப்பு என்று வரம்பு இருக்கிறது. ஒற்றைப் பதிவில் சோதிக்கும்போது ஓடும். டேட்டா லோடரில் 200 பதிவுகளை ஏற்றும்போது நின்றுவிடும்.

படி 6: தேர்வு

இதை ஆறாவதாக வைத்தது வேண்டுமென்றேதான். அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வில் மதிப்பெண்ணுக்கு 60 கேள்விகள், 105 நிமிடம். கட்டணம் 200 டாலர். தவறினால் மறுமுறைக்கு 100 டாலர். மேலே சொன்னதைக் கட்டி முடித்தவருக்குக் கேள்விகள் பழக்கமான சூழ்நிலைகளாகத் தோன்றும். கேள்விகளைத் திருடி விற்கும் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். தேர்வின் ஒப்பந்தத்தை மீறுவதால் சான்றிதழே பறிபோகும். அதோடு, நேர்முகத்தில் அது பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஆண்டுக்கு மூன்று முறை தளம் புதுப்பிக்கப்படுகிறது. சான்றிதழை நிலைநிறுத்த டிரெயில்ஹெட்டில் ஆண்டுதோறும் ஒரு சிறு பாடத்தை முடிக்க வேண்டும்.

ஒரு சான்றிதழ் கையில் வந்ததும் அடுத்ததற்கு ஓடாதீர்கள். வேலை அனுபவமே இல்லாதவரிடம் ஐந்து சான்றிதழ் இருந்தால், தேர்வு செய்கிறவர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

படி 7: வேலை தேடுவது

தகுதி பெறும் தொண்டு நிறுவனங்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் 10 உரிமங்களை நன்கொடையாகத் தருகிறது. அவற்றை அமைத்துத்தர ஆள் இல்லாத சிறு அமைப்புகள் உண்டு. முதல் உண்மையான அனுபவம் அங்கே கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது உண்மையான மனிதர்களின் விவரம். எந்த மாற்றத்தையும் தனிச் சோதனைச் சூழலில் செய்துபார்த்த பிறகே கொண்டுபோங்கள்.

விண்ணப்பத்தில் பழைய வேலையை மறைக்காதீர்கள். இரண்டாவது முயற்சியில் எனக்கு வேலை கிடைத்தபோது, அரை மணி நேரம் பேசியது புகார்ப் பதிவேட்டைப் பற்றித்தான்: யார் பதிவார்கள், எங்கே தேங்கும், எதை யார் பார்க்கக் கூடாது. கட்டியதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை: இடப்பக்கம் ஒவ்வொரு ரோலும், மேலே ஒவ்வொரு ஆப்ஜெக்டும், கட்டத்துக்குள் யார் எதைப் பார்க்கலாம், எதனால் பார்க்கலாம் என்ற காரணமும். தேர்வாளர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தைச் சுட்டி, "இவர் விடுப்பில் போனால்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஒரு பப்ளிக் குரூப்பும் ஒரு ஷேரிங் ரூலும் போதுமாக இருந்தன.