நத்தார் சோடனைக்குச் சிப்பியும் சவுக்கங்காயும்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். சவுக்க மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குட்டிக் காய்கள் நத்தார் மரத்துக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். பச்சையாகப் பறித்தவை என்றால் மூன்று நான்கு நாள் பழைய பேப்பரில் பரப்பி வையுங்கள். காய்ந்ததும் வாய் பிளந்து விதை கொட்டும், பேப்பர் இல்லாவிட்டால் அது வீடெல்லாம் பறக்கும். மார்கழி மழையில் வெயிலை நம்ப முடியாது, அடுப்படிச் சூடே போதும்.

சிப்பி, சோகிகளை ஓரிரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்பு இருந்தால் ஈரம் இழுத்துப் பசை விட்டுவிடும். எனக்குப் போன வருசம் பாதி மாலை இப்படித்தான் கழன்று விழுந்தது. உள்ளே உயிர் இருப்பதைக் கடலிலேயே விட்டுவிடுங்கள், பாவம். நாற்றமும் தாங்காது.

பாலன் குடிலுக்கு வைக்கோல் வேண்டுமா? இப்போது வயலெல்லாம் பச்சை. போன சிறுபோக அறுவடையின் வைக்கோல் வைத்திருப்பவரிடம் ஒரு பிடி கேளுங்கள். கூரைக்குப் பனையோலை.

அப்புறம், பல வருசமாகச் சேர்த்த கண்ணாடி உருண்டைகளை மரத்தின் மேல் கிளைகளில் கட்டுங்கள். கீழே, பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில், சவுக்கங்காய்தான்.